பிடோக் மண்ணும் இழப்பீட்டுச் சட்டமும்

பிடோக் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்தால், கிழக்குக் கடற்கரைப் பூங்காவை அடைய அரை மணி நேரம் பிடிக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. அப்போது கடல் ஊருக்கு அருகிலேயே இருந்தது. கரையோரம் மீனவர்கள் வாழ்ந்த கம்பங்களும், உட்பகுதியில் சிறு குன்றுகளும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன.

1963இல் பிடோக் கரையோரத்தில் சுமார் 19 ஹெக்டர் பரப்பில் கடலைத் தூர்த்துச் சோதனை செய்து பார்த்தார்கள். அது வெற்றி பெற்றதால், 1966இல் கிழக்குக் கடற்கரை நிலமீட்புப் பணி பெரிய அளவில் தொடங்கியது. 1985 வரை நீடித்த அந்தப் பணியால் சிங்கப்பூருக்கு 1,525 ஹெக்டர் புதிய நிலம் கிடைத்தது. பிடோக், சிக்லாப் வட்டாரக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை நகரும் பட்டைகளில் ஏற்றிக் கடலோரத்துக்கு அனுப்பினார்கள். குன்றுகள் இருந்த இடம் சமதரையானது. அங்கே 1970களில் பிடோக் புதுநகர் எழுந்தது.

மண்ணை இடம் மாற்றுவது பொறியாளர்களின் வேலை. ஆனால், அந்தக் குன்று யாருக்குச் சொந்தம்? அதன் அடிவாரத்தில் குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது? இக்கேள்விகளுக்குச் சட்டம்தான் விடை சொல்ல வேண்டியிருந்தது.

முதல் சிக்கல் கடலோரத்திலேயே எழுந்தது. கடல் தூர்க்கப்பட்டால், அதுவரை கடலைப் பார்த்தபடி இருந்த வீடுகளின் மதிப்புக் குறையும். அவற்றின் உரிமையாளர்கள் அரசாங்கத்திடம் இழப்பீடு கேட்கலாமா? 1964இல் திருத்தப்பட்ட சட்டம், கடல்முகப்பை இழப்பதற்கு இழப்பீடு கிடையாது என்றது. பொதுப்பணத்தில் நடக்கும் வளர்ச்சியால் தனிப்பட்ட நில உரிமையாளர் ஆதாயம் அடையக்கூடாது என்பதே அக்காலத் தலைவர்களின் வாதம். சாலையும் மின்சாரமும் வடிகாலும் வருவதால் ஒரு நிலத்தின் விலை உயர்கிறது. அந்த உயர்வுக்கு உரிமையாளர் எதுவும் செய்யவில்லை. எனவே, உயர்ந்த விலையை அவருக்கே கொடுத்தால் மக்கள் ஒரே பொருளுக்கு இருமுறை பணம் கட்டியதாக ஆகிவிடும் என்று அவர்கள் கருதினார்கள்.

இந்த வாதத்தின் பின்னணியில் ஓர் அவசரமும் இருந்தது. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த இடத்தில் உடனே அடுக்குமாடி வீடுகள் கட்ட வேண்டும். ஆனால், குடிசைகள் அகன்ற காலி நிலத்துக்கோ மதிப்பு அதிகம்! தீ விபத்தே நில உரிமையாளருக்கு இலாபமாகிவிடக்கூடாது என்பதற்காக, தீப்பட்ட நிலத்தை அதன் காலிமனை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத தொகைக்கு வாங்கும்படி சட்டம் மாற்றப்பட்டது.

இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். அது 1967 ஜூன் 17 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, பொது நோக்கத்துக்கு ஒரு நிலம் தேவை என்று அரசாங்கம் அரசிதழில் அறிவிக்கும். அந்த அறிவிப்பே தேவைக்குப் போதிய சான்று. பிறகு, நிலத்தில் உரிமை உள்ளவர்களை அதிகாரி அழைத்து விசாரித்து, இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்வார். தொகை குறைவு என்று நினைப்பவர் மேல்முறையீட்டு வாரியத்திடம் போகலாம். ஆக, ‘எவ்வளவு?’ என்று வழக்காடலாம், ‘ஏன்?’ என்று வழக்காடுவது மிகக் கடினம். சிங்கப்பூரின் அரசியல் சட்டத்தில் சொத்துரிமை ஓர் அடிப்படை உரிமையாக இடம்பெறவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1973இல் சட்டம் மேலும் இறுக்கமானது. அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இருந்த சந்தை விலை, நிலம் எடுக்கப்படும் நாளின் சந்தை விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே இழப்பீடு என்ற விதி வந்தது. ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 1973இல் 50,000 வெள்ளி பெறுமானமுள்ள ஒரு மனை, 1980இல் 120,000 வெள்ளிக்கு உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை 1980இல் அரசாங்கம் எடுத்தால் உரிமையாளருக்குக் கிடைப்பது 50,000 வெள்ளிதான். அந்தப் பணத்தைக் கொண்டு பக்கத்து மனையை அவரால் வாங்க முடியாது. பெரிய தோட்ட முதலாளிக்கு அது இலாபக் குறைவு. வாழ்நாள் சேமிப்பைச் சிறு மனையில் போட்ட குடும்பத்துக்கோ அது பேரிழப்பு. சட்டம் இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்தது. அதன் கடுமையான பகுதி இதுதான்.

இத்தகைய சட்டத்தால் கிடைத்த பலனும் சிறியதன்று. 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசாங்கத்திடம் இருந்தது. 1985இல் அது 76 விழுக்காடானது. நிலம் குறைந்த விலைக்குக் கிடைத்ததால்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தால் சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் வீடுகளைக் கட்ட முடிந்தது.

இதுவரை பேசியது நிலத்துக்குச் சொந்தக்காரர்களைப் பற்றி. கம்பங்களில் வாழ்ந்தவர்களில் பலருக்குச் சொந்த நிலமே இல்லை. சிலர் நிலத்துக்கு மாத வாடகை கொடுத்து, அதன்மேல் பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் தாங்களே வீடு கட்டிக்கொண்டவர்கள். சிலர் எந்த அனுமதியும் இன்றிக் குடியேறியவர்கள். நிலத்துக்கான இழப்பீடு உரிமையாளருக்குப் போய்விடும். அப்படியானால், வீட்டை இழப்பவருக்கு என்ன கிடைக்கும்?

அவர்களுக்கு அரசாங்கம் கருணைத்தொகை வழங்கியது. கருணைத்தொகை என்பது சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமையன்று. அரசாங்கம் தானாக முன்வந்து தருவது. மறுகுடியமர்த்தும் பிரிவின் அதிகாரிகள் வந்து வீட்டை அளந்தார்கள், பன்றிக் கொட்டிலையும் மீன் குளத்தையும் குறித்துக்கொண்டார்கள், பழமரங்களை எண்ணினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம் இருந்தது. அத்துடன், வீவக வீட்டுக்கு முன்னுரிமையும் கிடைத்தது. உலகின் பிற நாடுகள் பலவற்றில் அனுமதியின்றிக் குடியிருந்தவர்கள் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்ட அந்தக் காலத்தில், இது பெரிய வேறுபாடு என்றே சொல்ல வேண்டும்.

என்றாலும், பட்டியலில் ஏறாதவையும் இருந்தன. மரத்துக்கு விலை உண்டு. அதன் நிழலில் பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கு விலை இல்லை. மீனவர் கரையிலிருந்து விலகியபோது தொழிலிலிருந்தும் விலகினார். கோழியும் கீரையும் வளர்த்துச் செலவைச் சமாளித்த குடும்பம், புது வீட்டில் வாடகை, தண்ணீர், மின்சாரம் என்று மாதந்தோறும் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. ஓரறை வீட்டின் 20 வெள்ளி வாடகையும் அன்றைய வருமானத்தில் பலருக்குச் சுமைதான். 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்கலாம் என்றானபோது நிலைமை மாறியது. நிலமே இல்லாதிருந்த பலர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள்.

இந்தியாவில் இதே பிரச்சினைக்கு வேறு வழியில் தீர்வு தேடினார்கள். அங்கே ஆங்கிலேயர் காலத்து 1894ஆம் ஆண்டுச் சட்டமே நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அதற்குப் பதிலாக 2013இல் இயற்றப்பட்ட சட்டம், நிலம் எடுக்குமுன் அதனால் மக்களுக்கு ஏற்படும் பாதிப்பை ஆராய வேண்டும் என்கிறது. கிராமப்புறத்தில் சந்தை விலையைப்போல் நான்கு மடங்கு வரை இழப்பீடு கிடைக்கலாம். நிலம் இல்லாவிட்டாலும், அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலித் தொழிலாளியின் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதப்படுகிறது.

சிங்கப்பூரின் சட்டமும் மாறாமல் நிற்கவில்லை. 1973ஆம் ஆண்டுத் தேதி பின்னர் 1986, 1992, 1995 என்று முன்னோக்கி நகர்த்தப்பட்டது. இறுதியில் 2007 பிப்ரவரி 12 முதல் அந்த விதியே நீக்கப்பட்டது. இப்போது நிலம் எடுக்கப்படும்போது அன்றைய சந்தை விலை முழுமையாகக் கொடுக்கப்படுகிறது. பொது வீடமைப்பும் சாலைகளும் பெரும்பாலும் உருவாகிவிட்ட பிறகு, பழைய கடுமைக்குத் தேவை குறைந்துவிட்டது.

பிடோக்கில் இழப்பீடு என்ற சொல் மீண்டும் ஒருநாள் பேசப்படலாம். அங்குள்ள வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்பட்டவை. குத்தகை முடிந்தால் நிலம் அரசாங்கத்திடம் திரும்பிவிடும். சுமார் 70 ஆண்டுகளை எட்டும் சில பேட்டைகளை, குத்தகை முடியும் முன்பே அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. 1970களில் எழுந்த பிடோக் கட்டடங்கள் 2040களில் அந்த வயதை எட்டும். அத்திட்டத்தின்படி, வீட்டை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று குடியிருப்பாளர்களே வாக்களிப்பார்கள். பெரும்பான்மையினர் வேண்டாம் என்றால், குத்தகை முடியும்வரை அங்கேயே வாழலாம்.