புகையானும் சிலந்தியும்

புகையானைத் தஞ்சாவூர் மிராசுதாருக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. நெற்பயிரின் தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி, பச்சைப்பசேலென்று நின்ற வயலின் நடுவே நெருப்பு வைத்தாற்போல் வட்டவட்டமாகத் தீய்ந்த திட்டுக்களை உண்டாக்கும் அந்தப் பழுப்புத் தத்துப்பூச்சி, 1970-களிலும் 80-களிலும் ஜாவாத் தீவில் விளைத்த நாசத்தில் ஒரு விசித்திரம் இருந்தது: மருந்தை மிகுதியாகத் தெளித்த வயல்களிலேதான் அது மிகுதியாகப் பெருகிற்று.

சிலந்தி மாண்டதே காரணம். தேங்கிய நீரின்மேல் கால் நனையாமல் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியை நடவு வயலில் குனிந்து பார்த்தவர்கள், அது முட்டைப் பையை வயிற்றின் பின்நுனியில் ஒட்டிச் சுமப்பதையும், பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டே இரை தேடுவதையும் கண்டிருப்பார்கள். வலை பின்னிக் காத்திராமல் ஓடிப் பிடிக்கும் இந்த வேட்டைக்காரியை மருந்து கொன்றது. இலையுறைக்குள் செருகப்பட்டிருந்த புகையான் முட்டைகளோ பிழைத்துக் கிடந்தன. 1986-இல் இந்தோனேசிய அரசு, நெல்லுக்கு உபயோகித்துவந்த 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது.

மருந்தை நிறுத்தினால் மட்டும் போதுமா? நட்ட புதிதில் வயலில் புகையான் அதிகம் இராது. அப்போது சிலந்தி எதைத் தின்று ஜீவிக்கிறது? 1996-இல் வெளியான ஜாவா ஆராய்ச்சியொன்று இதற்கு அழகான விடை தந்தது. சேற்றில் மட்கும் எருவையும் தழையையும் அண்டி வாழும், கொசுவைப் போலிருந்தும் கடிக்காத சிறு ஈக்கள் முதலிய அற்பப் பிராணிகளே அதன் ஆகாரம். எருவை அதிகமாக இட்டபோது அவை பெருகின. அவற்றைத் தின்று சிலந்தி முதலியனவும் பெருகின. பகைவன் வருமுன்பே சைனியம் திரண்டுவிடுகிறது. ஜாவாக்காரர்கள் ரசாயன உரத்தைக் கைவிட்டவர்கள் அல்லர். ஆகையால் இதை முழுமையான இயற்கை விவசாயத்தின் வெற்றியென்று கொண்டாடுவது மிகை. ஆயினும் தொழுவுரம் பயிருக்கு மட்டும் உணவல்ல என்பது இதனால் பிரத்தியட்சமாகிறது.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஸ்வீடன் நாட்டினர் 2005-இல் கணித்தபோது, இயற்கைப் பண்ணைகளில் ஜீவராசிகளின் வகைகள் சராசரியாக 30 சதவிகிதம் கூடுதலாயிருந்தன; ஆனால் சில ஆய்வுகளில் குறைந்தும் இருந்தன. மகசூலோ, பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யக் காட்டைத் திருத்தப் புகுந்தால் லாபம் எங்கே என்று கேட்பவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

என் அபிப்பிராயத்தில், வரப்பைப் பற்றித்தான் நாம் மிகவும் குறைவாகப் பேசுகிறோம். இயற்கை விவசாயம் என்று பலகை நாட்டிவிட்டு, ஒரு புல் இல்லாமல் வரப்பைச் செதுக்கி வைப்பவர்கள் உண்டு. சேறடிக்கும் நாளில் கொக்குகளும் மடையான்களும் பின்தொடர, வயல் முழுவதும் கலங்கிப் புரளும்போது, அவற்றின் அலகுக்குத் தப்பிய சிலந்தி, முட்டைப் பையை விடாமல் இழுத்துக்கொண்டு, அந்த வரப்புப் புல்லுக்குத்தான் ஏறுகிறது.