வீட்டோரம் மாடு கட்டலாமா?
பால்காரரும் பக்கத்து வீட்டாரும் அறிய வேண்டியவை

(நமது நிருபர்)

அதிகாலை ஐந்து மணிக்கு அல்சூர்ச் சந்துகளில் நடப்பவர்களுக்குச் செம்பில் பால் பீய்ச்சும் சத்தம் இன்றும் கேட்கும். நந்தினி பாக்கெட் கடைக்குக் கடை கிடைத்தாலும், கறந்த பாலுக்குப் பாத்திரத்துடன் வந்து நிற்கும் தாய்மார்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நான் குடியிருக்கும் சந்திலும் ஒரு பால்காரர் இருக்கிறார். தகப்பனார் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். நான்கு பசுக்கள். சென்ற மழைக் காலத்தில் சாணம் அடைத்துச் சாக்கடை பொங்கி எதிர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரரும் தமிழர்தான், ஓர் ஆபீசில் குமாஸ்தா. கைக்குழந்தை உள்ள வீடு. பொறுத்துப் பார்த்துவிட்டுப் புகார் எழுதிவிட்டார்.

"மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்களா சார்? நாலும் போனால் அடுப்பு எரியாது" என்று பால்காரர் என்னிடம் வந்தார். அவருக்காக விசாரித்ததில் தெரிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

ஐந்து மாடு என்றால் பதிவு

வீட்டில் மாடு வளர்ப்பதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. மத்திய அரசின் 1978ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில், லாபத்துக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாடுகளை வைத்திருப்பவர் கொட்டகையைப் பதிவு செய்ய வேண்டும். இடவசதி, காற்றோட்டம், சாணத்தை அகற்றும் ஏற்பாடு ஆகியவை கவனிக்கப்படும்.

நான்கு மாடுதானே என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. சுற்றியிருப்போருக்குத் தொந்தரவாகும்படி பிராணிகளை வைத்திருந்தால், எண்ணிக்கை எதுவானாலும், மாநகராட்சி நடவடிக்கை எடுக்கலாம்.

இடத்தைப் பற்றிய விதி இன்னும் கடுமையானது. 2007இல் அங்கீகரிக்கப்பட்ட பெங்களூர் மாஸ்டர் பிளான், பால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் விவசாய மண்டலத்தில் இடம் தருகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பால் பண்ணை குடியிருப்புகளிலிருந்து 200 மீட்டரும், பள்ளி, ஆஸ்பத்திரிகளிலிருந்து 500 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்று கூறியது. நாடா பிடித்து அளந்தால் அல்சூரில் ஒரு கொட்டகைகூடத் தேறாது. இவற்றில் பல, சுற்றிலும் வெற்றிடம் இருந்த காலத்தில் போடப்பட்டவை. வீடுகள் பிறகுதான் நெருங்கின.

சாணக் கணக்கு

எதிர் வீட்டாரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 400 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணம் போடும் என்பது அதே வாரியத்தின் கணக்கு. நான்கு மாட்டுக்கு மாதம் சுமார் 2 டன்! கிராமத்தில் இது வயலுக்கு எரு. இங்கே இதைச் சாக்கடையில் தள்ளினால் ஈயும் கொசுவும்தான் மிச்சம்.

தெருவில் அவிழ்த்துவிடுவது அதைவிட ஆபத்து. பவுண்டுக்குப் போன மாட்டை மீட்க அபராதமும் தீவனச் செலவும் கட்ட வேண்டும். சென்னை மாநகராட்சி 2024இல், முதல் தடவை பிடிபடும் மாட்டுக்கு அபராதத்தை ரூ.10,000 ஆக உயர்த்தியது. கறவைக்காரரின் பல நாள் வருமானம் அதிலேயே போய்விடும்.

எங்கே கேட்பது?

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே தமது வட்டாரம் எந்த மாநகராட்சியில் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொண்டு, அங்குள்ள சுகாதாரப் பிரிவிலும் கால்நடைப் பிரிவிலும் விசாரிப்பது நல்லது. விண்ணப்பத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள மறக்கக் கூடாது.

எங்கள் சந்து விவகாரம் ஒருவாறு முடிந்தது. சாணத்தை இரு வேளையும் அள்ளி மூட்டை கட்டி, நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவருக்குக் கொடுக்கிறார் பால்காரர். சாக்கடை வாயில் கம்பிச் சல்லடை வைத்துவிட்டார். மாடுகள் இப்போது தெருவில் நிற்பதில்லை. குமாஸ்தாவும் புகாரை வற்புறுத்தவில்லை. அவர் வீட்டுக் குழந்தைக்குப் பால் அங்கிருந்துதான் போகிறது.

ஆனால் சொந்த இடமின்றி நடைபாதையில் முளை அடித்து மாடு கட்டுவோருக்குச் சட்டத்தில் இடமில்லை. நகருக்கு வெளியே போனால் வாடிக்கையை இழக்க வேண்டும். இங்கேயே இருந்தால் என்றைக்காவது மாட்டை இழக்க வேண்டிவரும். நகரின் ஓரத்தில் பொதுக் கொட்டகை அமைத்து, சிறு வாடகைக்கு இடம் கொடுத்தால் இந்தக் குடும்பங்கள் பிழைக்கும். புதிய மாநகராட்சிகள் இதை யோசிக்குமா?