மூட்டையிலேயே முளைத்த சின்ன வெங்காயம்: நட்டமா, நடவா?



ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் வெங்காய மண்டிக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் ஒரே கவலைதான். மூட்டையைப் பிரித்தால் பச்சை முளை எட்டிப் பார்க்கும். வாங்க வரும் தாய்மார்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கூடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சரக்கை என்ன செய்வது? நாற்பது ஆண்டுகளாக மண்டி நடத்துபவன் என்ற முறையில் அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

முளை ஏன் வருகிறது?

வெங்காயம் உயிருள்ள பொருள். அறுவடையான பிறகு, ரகத்தைப் பொறுத்துச் சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை உறக்கத்தில் இருக்கும். உறக்கம் கலைந்தபின் 10 முதல் 20 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வேகமாக முளைக்கும். 25 டிகிரிக்கு மேலே போனால் முளை அடங்கியிருக்கும். அதனால்தான் சித்திரை வெயிலில் எடை குறைகிறதே தவிர முளை அதிகம் வருவதில்லை. மழைக்காலத்தில் குளிர்ச்சியோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. மூட்டைகளை நெருக்கி அடுக்கி, காற்று புகாமல் தார்ப்பாய் போட்டு மூடினால் கேட்கவே வேண்டாம்.

சாப்பிடலாமா?

முளைத்த வெங்காயத்தில் நஞ்சு இல்லை. அழுகாமல் இருந்தால் தாராளமாகச் சமைக்கலாம். சதை கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். உருளைக்கிழங்கு அப்படி அல்ல. பச்சை நிறம் ஏறி முளையும் விட்ட உருளையில் சோலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். வேகவைத்தாலும் அது போகாது. அதை விலை குறைத்துக்கூட விற்காதீர்கள்.

நான் செய்த தவறு

2005ஆம் ஆண்டு பெருமழையில் எனக்கு வந்த 30 மூட்டை சின்ன வெங்காயம் இரண்டு நாள் வழியிலேயே நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் முளை. ஆட்களை விட்டு முளையைக் கிள்ளி, 18 மூட்டையைச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினேன். கிள்ளிய காயத்தின் வழியே அழுகல் புகுந்தது. ஒரே வாரத்தில் சரக்கு திரும்பி வந்தது. பணம் போனதைவிடப் பேர் கெட்டதுதான் பெரிய நட்டம்.

மீதி 12 மூட்டையைத் தொடவில்லை. அழுகலைக் கழித்து எட்டு மூட்டை தேறியது. தெரிந்த விவசாயி ஒருவரைக் கூப்பிட்டு, "இது கறிக்கு வந்த சரக்கு, முளைத்துவிட்டது, ரகத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தேன்.

நடும் முறை

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். மூட்டையை உடனே பிரித்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பினார். முளை ஒடியாமல் கையாண்டார். அழுகியது, பூசணம் பிடித்தது, நசுங்கியது எல்லாவற்றையும் ஒதுக்கினார். இரண்டு நாளில் நட்டு முடித்தார். தாமதித்தால் காயின் சத்தை முளையே தின்றுவிடும்.

தண்ணீர் தேங்காத செம்மண் நிலம். 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இருபுறமும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு காய் ஊன்ற வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, முளை மேலே. ஆழப் புதைத்தால் அழுகும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு. விரல் நீளத்துக்கு மேல் வெளுத்து நீண்ட முளைகள் வயலுக்கு ஆகாது. வீட்டுத் தொட்டியில் நட்டால் வெங்காயத்தாளுக்கு ஆகும்.

பெரிய வெங்காயத்துக்கு இது பொருந்தாது. சின்ன வெங்காயம் ஒன்று பலவாகப் பக்கம் வெடிக்கும். பெரிய வெங்காயத்தை நட்டால் தாளும் பூத்தண்டும் வரும், விற்பனைக்குத் தகுந்த காய் வராது.

ஒரு எச்சரிக்கை

முளைத்த சரக்கை "விதை வெங்காயம்" என்று சொல்லியோ பில் போட்டோ விற்காதீர்கள். விதை வியாபாரத்துக்கு 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விதை என்று நம்பி ஒருவர் கூலி, உரம், தண்ணீர் எல்லாம் செலவழிப்பார். பயிர் பொய்த்தால் அந்தக் குடும்பத்தின் ஒரு போகம் போய்விடும்.

முளையைத் தள்ளிப்போட, நன்கு காய்ந்த சரக்காக வாங்குங்கள். மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும். பழைய சரக்கை முதலில் தள்ளுங்கள்.

எழுபது நாள் கழித்து அந்த விவசாயி விளைச்சலை என் மண்டிக்கே கொண்டுவந்தார். அருமையான சரக்கு என்று சொல்ல முடியாது. பெருத்ததும் சிறுத்ததும் கலந்திருந்தது. "அண்ணே, உள்ளதைச் சொல்லிக் கொடுத்தீங்க, அதான் இங்கேயே கொண்டாந்தேன்" என்றார். இன்றுவரை அந்த வீட்டுச் சரக்கு வேறு மண்டிக்குப் போனதில்லை. திருப்பி அனுப்பிய கடைக்காரர்களில் ஒருவர் மட்டும் இன்னும் என்னிடம் வாங்க வரவில்லை.