கொடுத்த சொல்லுக்குக் கவிதை

தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னால் கவிதை பிறக்குமா என்று நேயர்கள் சிலர் ஐயுறுவதுண்டு. பிறக்கும் என்பதே என் எண்ணம். ஜப்பானிய ஹைக்கூ அதற்குச் சான்று.

ஐந்து, ஏழு, ஐந்து என 17 அசைகளில் அமையும் மரபு ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று இடம்பெறும். அதனைக் 'கிகோ' என்பர். 'நிலவு' என்று மட்டும் சொன்னால் அங்கே அது இலையுதிர்கால நிலவு. 'பூ' என்றால் வசந்தத்தின் செர்ரிப்பூ. இச்சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்துத் தரும் நூல்கள் 'சாய்ஜிகி' எனப்படும்.

'குகாய்' என்னும் கவிஞர் கூட்டத்தில் இத்தகைய சொல்லொன்றை முன்கூட்டியே அறிவிப்பதுண்டு. ஒவ்வொருவரும் பெயரிடாமல் தாளில் எழுதிக் கொடுப்பர். அவற்றைப் பிரதிசெய்து எல்லோரும் படிப்பர், பிடித்தவற்றைத் தெரிவுசெய்வர். எழுதியவர் யாரென்பது அதன்பின்னரே தெரியவரும். ஆசானின் கவிதை விடுபட்டு, புதியவரின் கவிதை தெரிவாவதும் உண்டு.

பருவத்தைச் சொல்லும் சுமையைக் கொடுத்த சொல்லே ஏற்றுக்கொள்கிறது. எஞ்சிய அசைகளில் கவிஞர் தாம் கண்டதைச் சொன்னாற் போதும். எல்லோருக்கும் சொல் ஒன்றே. கண்ட காட்சிதான் வேறு. எதையும் காணாமல் எழுதியவருக்கு அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. கொடுத்த தலைப்பின் பயன் அதுவே என்பேன்.