சொல்லாமல் விட்ட சொல்லில் பொருள்

'யூஸ் யுவர் லோஃப்' என்று ஆங்கிலேயர் ஒருவர் சொன்னால் ரொட்டியைத் தேடக்கூடாது. 'மூளையைப் பயன்படுத்து' என்கிறார் அவர். ரொட்டிக்கும் மூளைக்கும் என்ன உறவு?

தமிழ்ச் செய்யுளில் தொடக்கத்தில் வரும் எதுகையும் மோனையுமே முக்கியம். ஆங்கிலத்தில் சொல்லின் இறுதி ஓசை ஒத்து வரவேண்டும். அதை 'ரைம்' என்பர். நம் இயைபுக்கு நெருக்கமானது. எழுத்து மாறலாம், ஒலி மாறக்கூடாது.

19ஆம் நூற்றாண்டில் கிழக்கு லண்டன் மக்கள் இந்த ஓசையைக் கொண்டே ஒரு கொச்சை வழக்கை வளர்த்தனர். படிக்கட்டு, அதாவது 'ஸ்டேர்ஸ்', 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' ஆயிற்று. தலையாகிய 'ஹெட்', 'லோஃப் ஆஃப் பிரெட்' ஆயிற்று. பிறகு, ஓசை ஒத்த கடைசிச் சொல்லையே பல இடங்களில் விட்டுவிட்டனர்! மிஞ்சியது 'லோஃப்' மட்டும். சூட்சுமம் இங்கேதான். 'ஹேவ் எ புட்சர்ஸ்' என்றால் 'ஒரு பார்வை பார்'. விடுபட்டது 'ஹுக்', அது 'லுக்' என்பதோடு இயைகிறது. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் இறைச்சிக் கடையில்தான் போய் நிற்க வேண்டும்.

காவலருக்குப் புரியாதிருக்கவே இப்படிப் பேசினர் என்பாரும் உண்டு, வெறும் விளையாட்டு என்பாரும் உண்டு. 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இவ்வழக்கு இடம்பெற்றுவிட்டது. தொலைபேசி வந்தபின் அதற்கு 'டாக் அண்ட் போன்' என்று பெயர் வைத்தனர். நாயும் எலும்பும்!

உதட்டால் எழுப்பும் கேலி ஒலியை 'ராஸ்பெரி' என்கிறார்கள். முழு வடிவம் 'ராஸ்பெரி டார்ட்'. அது வயிற்றுக் காற்றைக் குறிக்கும் ஒரு சொல்லோடு இயைகிறது. நாகரிகமாகப் பேசுவோரும் இதையறியாமல் மேடையிலேயே சொல்லிவிடுகிறார்கள்.