திருவில்லிபுத்தூர் மார்கழி நீராட்டு: தோற்றமும் பொருளும் – கெமர் நீர்விழாவோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டம் திருவில்லிபுத்தூரில் ஆண்டுதோறும் நிகழும் மார்கழி நீராட்டு விழாவின் தோற்றத்தையும் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியம் சுட்டும் தைந்நீராடல், பரிபாடல் காட்டும் வையைப் புனல்விழா, திருப்பாவை நோன்பு ஆகியன இவ்விழாவின் முன்னைய படிநிலைகளாகக் கொள்ளப்படுகின்றன. கம்போடியாவின் கெமர் நீர்விழா ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இரு விழாக்களுக்கும் இடையிலான ஒற்றுமை ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததைக் காட்டுவதன்று என்பதும், ஒரு நீர்விழாவின் பொருளை அந்நிலத்தின் நீர் வரும் முறையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தைந்நீராடல், புதுப்புனல், பாவை நோன்பு, எண்ணெய்க்காப்பு, திருமுக்குளம், கெமர் நீர்விழா, வானம் பார்த்த பூமி.

முன்னுரை

நீர் மிகுந்த நாட்டில் நீர்விழா தோன்றுவது இயல்பு. நீர் அரிதாகிய நிலத்திலும் நீர்விழா நிலைத்திருப்பது விளக்கம் வேண்டும் செய்தியாகும். விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி என மக்கள் வழக்கில் குறிக்கப்படுவது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. வைப்பாறு, அர்ச்சுனா நதி, கௌசிகா நதி ஆகியன மழைக்காலத்தில் சில நாள்களே நீரோடும் ஆறுகள். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றி, அதன் வழியாகப் பட்டாசுத் தொழில் வளர்ந்ததற்கு இவ்வறண்ட காற்றும் நீண்ட வெயிற்காலமும் முதன்மைக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. நெருப்புத் தொழிலுக்கு உகந்த இந்நிலமே, நீராடலைப் பொருளாகக் கொண்ட திருப்பாவையைத் தமிழுக்கு அளித்தது. இம்முரணிலிருந்தே இவ்வாய்வு தொடங்குகிறது.

சங்க இலக்கியத்தில் இருவகை நீராட்டு

சங்க இலக்கியத்தில் நீராட்டு இருவேறு வடிவங்களில் இடம்பெறுகிறது. ஒன்று ஆற்றில் புதுவெள்ளம் வருங்கால் ஊரார் கூடி ஆடும் புனல்விழா. மற்றொன்று தைத் திங்களில் மகளிர் நோன்பாக மேற்கொள்ளும் தைந்நீராடல்.

புனல்விழாவிற்குச் சிறந்த சான்று பரிபாடல். இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வையையைப் பற்றியன. மலையில் மழை பெய்தல், வெள்ளம் வரும் செய்தி ஊரில் பரவுதல், மக்கள் ஆற்றை நோக்கி விரைதல், நீராடற் களிப்பு, தலைவன் தலைவியர் ஊடல் என்னும் நிகழ்ச்சிகள் இப்பாடல்களில் திரும்பத் திரும்ப அமைகின்றன. இங்கு விழாவின் நாளை வெள்ளமே குறிக்கிறது, நாட்காட்டி குறிப்பதில்லை.

தைந்நீராடலின் இயல்பு வேறு. நற்றிணை 80, ஐங்குறுநூறு 84 ஆகிய பாடல்களில் தைத் திங்களில் மகளிர் ஆடும் நீர்நிலை கயம், அதாவது குளம். கலித்தொகை 59 இந்நீராடலைத் தவமாகவே பேசுகிறது. இங்கு நீர் ஓடி வருவதன்று, தேங்கி நிற்பது. நாளும் முன்னரே குறிக்கப்பட்டது. நோக்கமும் களிப்பன்று, நல்ல கணவனைப் பெறுதல், நாடு குளிர்தல் ஆகியன.

இவ்விரண்டும் சந்திக்கும் இடம் பரிபாடலின் 11ஆம் பாடல். வையையின் பெருக்கைப் பாடத் தொடங்கும் அப்பாடல், மழை ஓய்ந்து ஆறு தெளிந்தபின் திருவாதிரை நாளில் கன்னியர் மேற்கொள்ளும் அம்பாவாடலையும் விரித்துரைக்கிறது. நிலம் வெம்மை நீங்கிக் குளிர வேண்டும் என்பது அவர்தம் வேண்டுதல். சடங்கறிந்த முதிய மகளிர் நோன்பு முறையைக் காட்டுகின்றனர்; தாயரும் அருகில் நிற்கின்றனர். பிற்காலப் பாவை நோன்பின் உறுப்புகள் பலவும் இங்கே உள்ளன. சங்க நூல்களில் தையெனவும் பக்தி இலக்கியத்தில் மார்கழியெனவும் வருவதை, மாதத்தைக் கணக்கிடும் முறையில் நேர்ந்த வேறுபாடாக அறிஞர் விளக்குவர்.

திருப்பாவை காட்டும் நோன்பு

திருப்பாவை 30 பாசுரங்களைக் கொண்டது. 13ஆம் பாசுரத்தில் வரும் வெள்ளி, வியாழன் பற்றிய குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் அதன் காலத்தைக் கி.பி. 731 எனக் கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டு எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், சங்க காலத் தைந்நீராடல் சில நூற்றாண்டுகள் கடந்தும் வழக்கொழியாமல் இருந்ததற்கு இந்நூல் சான்றாகும்.

இந்நூலின் நீர் பற்றிய சிந்தனை 3, 4ஆம் பாசுரங்களில் திரண்டுள்ளது. மூன்றாம் பாசுரம் நோன்பின் பயனாக நாடெங்கும் தீங்கின்றி மாதம் மும்முறை மழை பெய்தலையும், நெல் ஓங்கி வளர்தலையும், வயல்நீரில் மீன் துள்ளுதலையும், பசுக்கள் குடம் நிறையப் பால் சொரிதலையும் அடுக்கிக் கூறுகிறது. நான்காம் பாசுரம் மழைத் தெய்வத்தை விளித்து, கடலில் நீர் முகந்து, மேலேறிக் கறுத்து, மின்னி முழங்கிப் பொழியுமாறு வேண்டுகிறது. கன்னியர் நோன்பாகத் தொடங்குவது இவ்விரு பாசுரங்களில் நாட்டு நலன் வேண்டும் நோன்பாக விரிகிறது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓயும் நிலையில் இருப்பது. மழை முடியும் மாதத்தில் மழையை வேண்டுவானேன்? குளத்துப் பாசன வேளாண்மையை நோக்கின் இதற்கு விடை கிடைக்கும். பருவமழையை நம்பி நடப்படும் சம்பா நெல் மார்கழியில் கதிர் ஈன்று பால் பிடிக்கும் நிலையை எய்துகிறது. பேராற்றுப் பாசனம் இல்லாத ஊரில் அந்நாளைய குளத்து நீரின் அளவே தை, மாசி அறுவடையை முடிவு செய்வது. மார்கழியில் ஒரு மழை கூடுதலாகப் பெய்தால் விளைச்சல் உறுதி. பெய்யாவிடில் கதிர் பதராகும். ஆதலின் மார்கழி வேண்டுதல் பருவந் தப்பிய வேண்டுதலன்று; குளத்தை நம்பிய உழவின் இறுதிக்கட்ட வேண்டுதல் எனக் கொள்ள இடமுண்டு.

திருவில்லிபுத்தூரில் இன்றைய விழா

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் திருக்கோயிலில் மார்கழியின் நிறைவுப் பகுதியில் நீராட்டு விழா எட்டு நாள்கள் நிகழ்கிறது. ஆண்டாள் திருமுக்குளக் கரையிலுள்ள எண்ணெய்க்காப்பு மண்டபத்திற்கு எழுந்தருள்வார். மூலிகைகள் பல சேர்த்துக் காய்ச்சிய தைலம் சாத்தித் தலைவாரித் திருமஞ்சனம் செய்யப்படும். கங்கை, யமுனை, சரசுவதி ஆகிய மூன்று ஆறுகளும் இக்குளத்தில் சேர்ந்தன என்னும் தலபுராண மரபு முக்குளம் என்னும் பெயருக்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

இம்மரபு கருதத்தக்கது. ஆறில்லாத ஊர், தொலைவிலுள்ள ஆறுகளைத் தன் குளத்திற்கு அழைத்துக்கொள்கிறது. தீபாவளி விடியலில் வீட்டுக் கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைக் கங்கா ஸ்நானம் என்று தமிழ் மக்கள் வழங்குவதும் இவ்வகையினதே. சிவகாசிப் பட்டாசு வெடிப்பதற்கு முன் நிகழும் அக்குளியலிலும் எண்ணெயும் நீரும் இணைந்தே வருகின்றன.

மற்றொரு மாற்றமும் இங்கு நிகழ்ந்துள்ளது. சங்கப் பாடல்களில் நீராடியோர் ஊர்ப் பெண்கள். திருப்பாவையில் ஆயர் சிறுமியர் தம் தோழியரை எழுப்பி அழைத்துச் செல்கின்றனர். இன்றைய விழாவில் நீராடுவது தெய்வத் திருமேனி. ஊரார் காண்போராக நிற்கின்றனர். கூட்டு நீராட்டு, கோயில் நீராட்டாக மாறிவிட்டது. குளம் நிறையாத ஆண்டிலும் விழாவைக் குறைவின்றி நடத்த இம்மாற்றம் வழிசெய்கிறது. அதே வேளையில் குளத்தின் நிலைக்கும் விழாவிற்கும் இருந்த நேரடித் தொடர்பு இதனால் தளர்ந்துவிடுகிறது.

இருக்கன்குடி: நீரில்லா ஆற்றின் விழா

இதே மாவட்டத்தில் சாத்தூருக்கு அருகில், அர்ச்சுனா நதி வைப்பாற்றுடன் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் உள்ளது. இரு கங்கைக் குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என மக்கள் பெயர்க்காரணம் கூறுவர். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இங்கு பெருந்திரளான மக்கள் நடைப்பயணமாக வந்து கூடுகின்றனர்.

காவிரிக் கரையில் ஆடிப் பதினெட்டு என்பது தென்மேற்குப் பருவமழையால் பெருகிவரும் வெள்ளத்தை வரவேற்கும் நாள். வைப்பாற்றுப் பகுதிக்கு அம்மழை மிகுதியாகக் கிடைப்பதில்லை. எனவே ஆடியில் இங்குப் பெரும்பாலும் மணலே தெரியும். காவிரிக் கரையில் வந்த நீருக்கு நன்றி கூறப்படும் அதே மாதத்தில் வைப்பாற்றுக் கரையில் வரவேண்டிய மழைக்கு வேண்டுதல் நிகழ்கிறது. மாரி என்னும் சொல்லுக்கு மழை என்னும் பொருள் உண்டு என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கெமர் நீர்விழா

கெமர் மக்களின் நீர்விழா ஓம் தூக் எனப்படும். கெமர் நாட்காட்டியின் கடக் மாத முழுநிலவையொட்டி, அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ, மூன்று நாள்கள் நிகழ்வது. கடக் என்பது கார்த்திகையின் திரிபு. புனோம்பென்னில் அரண்மனைக்கு முன்னுள்ள ஆற்றில் படகுப் போட்டி, ஒளிவிளக்கு ஏந்திய மிதவைகளை விடுதல், நிலவை வணங்குதல், அவல் உண்ணல் ஆகியன இதன் உறுப்புகள்.

இவ்விழாவின் அடிப்படை தொன்லே சாப் ஆற்றின் இயல்பில் உள்ளது. பருவமழையால் மேகாங் ஆறு பெருகும்போது அதன் நீர் தொன்லே சாப் வழியே எதிர்த்திசையில் ஏறி, அப்பெயருடைய ஏரியை நிரப்புகிறது. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் அவ்வேரி, மழைக்கால முடிவில் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. பின்னர் மேகாங் தணிய, ஆறு திரும்பிக் கடலை நோக்கி ஓடத் தொடங்குகிறது. அத்திருப்பமே விழாக் காலம். வெள்ளம் வடிந்த நிலத்தில் வண்டலும், வடியும் நீரில் மீனும் மிகும். எனவே கெமர் விழா நீரை வழியனுப்பும் விழா.

இதன் தோற்றத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு இறுதியில் ஆண்ட ஏழாம் ஜெயவர்மனின் கடற்படை வெற்றியோடு மரபு இணைக்கிறது. பாயோன் கோயிற் சிற்பங்களில் சாம்பர்களோடு நிகழ்ந்த படகுப்போர் செதுக்கப்பட்டுள்ளது. ஆயின் அச்சிற்பம் போருக்குச் சான்றேயன்றி விழாவிற்கு நேர்ச்சான்று ஆகாது. விழாவைப் பற்றிய எழுத்துச் சான்றாகக் கருதத்தக்கது 1296-97இல் அங்கோரில் தங்கிய சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சோ தாகுவான் எழுதிய குறிப்பு. சீனரின் பத்தாம் மாதத்தில் கெமர் ஆண்டு தொடங்கியதையும், அரண்மனைக்கு முன் மேடை அமைத்து வாணங்களும் வெடிகளும் கொளுத்தப்பட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார். அம்மாதத்திற்கு அவர் தரும் பெயர் கார்த்திகையின் ஒலிபெயர்ப்பே. எனினும் அக்குறிப்பில் படகுப் போட்டி இல்லை. இன்றைய விழா வெவ்வேறு காலத்துக் கூறுகள் ஒன்றுசேர்ந்து உருவானது என்பதையே இது உணர்த்துகிறது.

ஒப்பீடும் அதன் எல்லையும்

கார்த்திகை முழுநிலவு, நீரில் விளக்கு, அவல் ஆகிய ஒற்றுமைகளைக் கொண்டு கெமர் விழா தமிழகத்திலிருந்து சென்றது என முடிவு கட்டுவது எளிது. திருக்கார்த்திகைக்குத் தமிழ் வீடுகளில் அவலும் பொரியும் படைக்கப்படுவது அத்தகைய முடிவுக்குத் துணைபோவதாகத் தோன்றும். ஆனால் மாதப் பெயர் இந்தியப் பொதுநாட்காட்டிக்கு உரியது. புதுநெல்லை இடித்து அவலாக்குவது நெல் விளையும் நாடுகள் பலவற்றிற்கும் பொதுவானது. இவை பண்பாட்டுத் தொடர்பைக் காட்டலாம். விழா பெயர்ந்து சென்றதைக் காட்டா.

பெயர்ந்து சென்ற மரபு எவ்வாறு அமையும் என்பதற்குத் தாய்லாந்து சான்று தருகிறது. பாங்காக் அரசவைப் பிராமணர் மார்கழியையொட்டி நடத்தும் திரியெம்பவாய் - திரிபவாய்ச் சடங்கின் பெயரிலேயே திருவெம்பாவையும் திருப்பாவையும் உள்ளன. அச்சடங்கில் ஓதப்படும் தமிழ்ப் பாடல் பகுதிகளைத் தனிநாயகம் அடிகள் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். இதனோடு தொடர்புடைய பேரூஞ்சல் நிகழ்ச்சி 1935இல் நிறுத்தப்பட்டாலும் கோயிற் சடங்கு தொடர்கிறது. பெயர், பாடம், ஓதுவோர் மரபு என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே உள்ளன. கெமர் நீர்விழாவில் இம்மூன்றும் தமிழ் மூலத்தைச் சுட்டவில்லை. எனவே தாய்லாந்துச் சடங்கைப் பரவல் எனவும், கெமர் விழாவை இணைவளர்ச்சி எனவும் பிரித்துக் காண்பதே பொருந்தும்.

வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. பரவிச் சென்ற சடங்கில் ஊஞ்சல் முதன்மை பெற்று நீராட்டு பின்னிடப்பட்டது. தொடர்பின்றி வளர்ந்த கெமர் விழாவோ நீரை நடுவாகக் கொண்டு திருப்பாவையின் மழை வேண்டலுக்கு நெருங்கி நிற்கிறது. பாடம் கடல் கடக்கலாம். அதன் பொருளை ஏற்கும் நிலத்தின் நீரே உருவாக்குகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. திருவில்லிபுத்தூர் நீராட்டு, பரிபாடலின் ஆற்றுப் புனல்விழாவைவிடக் கயத்தில் நிகழ்ந்த தைந்நீராடலுக்கே நெருங்கியது.

2. மதுரையில் புதுப்புனல் வந்த நீரை வரவேற்பது. கெமர் விழா வடியும் நீரை வழியனுப்புவது. திருப்பாவை நோன்பும் இருக்கன்குடி ஆடி விழாவும் வரவேண்டிய நீரை வேண்டுவன. விழாவின் பொருள் நீர் வரும் முறையைச் சார்ந்தது.

3. தோற்றத்தை நிறுவ ஒற்றுமை மட்டும் போதாது. பெயர், பாடம், ஓதுவோர் மரபு ஆகிய சான்றுகள் வேண்டும்.

4. கூட்டு நீராட்டு கோயில் நீராட்டாக மாறியது விழாவைக் காத்தது. ஆயின் குளத்தைக் காக்கும் கடமையை விழாவிலிருந்து பிரித்தது.

நான்காவது கருத்து இலக்கிய எல்லையைக் கடந்தும் பயன்தருவது. தொன்லே சாப் திரும்பாவிடில் கெமர் விழாவிற்குப் பொருளில்லை என்பதை அந்நாட்டார் கண்ணெதிரே காண்பர். விருதுநகர் வட்டாரத்தில் கண்மாய் தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டாலும் விழா நாள் மாறாது வரும். நீராட்டு மரபை ஆராய்வோர் விழா நிகழ்ச்சிகளோடு அந்தந்த ஊரின் நீர்நிலையையும் அதன் வரத்துக்கால்களையும் சேர்த்தே பதிவு செய்வது, அம்மரபின் பொருளை முழுமையாக உணரத் துணைசெய்யும்.