பட்டத்தோடு பயிற்சியும்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பார்கள் நம் பெரியோர். இதன் பொருளை நாங்கள் சென்ற ஆண்டு பள்ளிப் பொருட்காட்சியில்தான் உணர்ந்தோம். எங்கள் வகுப்பின் சார்பில் சர்பத் கடை வைத்தோம். இலாப நட்டக் கணக்குகளைப் பிழையின்றிப் போடும் நாங்கள், ஐஸ் கட்டியின் விலையைச் சேர்க்க மறந்துவிட்டோம்! யார் காசு வாங்குவது, யார் தம்ளர் கழுவுவது என்றும் முன்னதாகப் பிரித்துக்கொள்ளவில்லை. மாலையில் எண்ணிப் பார்த்தால் 40 ரூபாய் நட்டம்.

பட்டம் பெற்றவர்களுக்கும் இந்நிலை வருவதுண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் பி.காம். தேர்வில் முதல் வகுப்பு. ஆனால் நேர்முகத் தேர்வில், “ஒரு சிறு கடைக்கு வரவு செலவுத் திட்டம் போட்டுக் காட்டுங்கள்” என்றதும் திகைத்துவிட்டாராம். அறிவு இருந்தது, பழக்கம் இல்லை.

திட்டமிடுதல், வேலையைப் பங்கிடுதல், நேரம் தவறாமை, தெளிவாகப் பேசுதல், கணக்கு வைத்தல் ஆகியவையே வேலைக்கும் மேலாண்மைக்கும் அடிப்படை. இவற்றைப் பட்டப்படிப்புக்குள்ளேயே கற்பிக்க இயலுமா?

இயலும் என்று காட்டியவர் ஹெர்மன் ஷ்னைடர். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில், 1906-ஆம் ஆண்டு 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு அவர் ஒரு புதுமுறையைத் தொடங்கினார். ஒரு வேலைக்கு இரு மாணவர். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். மறுவாரம் இடம் மாறுவர். தொழிற்சாலையில் வேலையும் நிற்கவில்லை, படிப்பும் தடைப்படவில்லை. மாணவருக்குக் கூலியும் கிடைத்தது.

நம் நாட்டில், பிலானியிலுள்ள பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகம் 1973-இல் இதைப் போன்ற ஒரு முறையைத் தொடங்கியது. அங்கே தொழிற்சாலைப் பயிற்சியும் பாடத்தின் ஒரு பகுதியே. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொழிற்கல்விக்கென பி.வோக். பட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் ஓராண்டு முடித்தால் டிப்ளமோ, ஈராண்டு முடித்தால் உயர் டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம். ஆகவே குடும்பச் சூழலால் இடையில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். தமிழக அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகக் கல்லூரி மாணவ மாணவியர் திறன் பயிற்சி பெறலாயினர்.

அப்படியானால் பாட அறிவு தேவையில்லையா? தேவைதான். வேர் இல்லாமல் மரம் ஏது? ஆனால் வேர் மட்டும் இருந்தால் கனி கிடைக்குமா?

அன்புத் தோழியரே! கல்லூரியில் சேரும்போது கட்டிடத்தின் அழகை மட்டும் பாராமல், “இங்கே பயிற்சி உண்டா?” என்றும் கேட்போம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்காகத் தொழிற்சாலைக்கோ வெளியூருக்கோ செல்ல வேண்டியிருந்தால், “பெண் பிள்ளைக்கு இது எதற்கு?” என்று தடுத்துவிடாதீர்கள். பாதுகாப்பை விசாரித்து அறிந்து, அனுப்பி வையுங்கள்.

இவ்வாண்டும் நாங்கள் சர்பத் கடை வைக்கப்போகிறோம். வேலைகளைப் பெயர் எழுதிப் பிரித்துவிட்டோம். செலவுப் பட்டியலில் முதல் வரி, ஐஸ் கட்டி!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு